நாற்பத்தொன்றாவது முகம்

கீழ்த்தளக் கிடங்கின் கதவைத் திறந்ததுமே உருகிய தேன்மெழுகின் வாசனை ராவியாவின் முகத்தில் அடித்தது. உள்ளே இழுப்பறைகளில் கிடப்பவை மெழுகில் குழைத்த வண்ணத்தால் பலகையில் தீட்டிய முகங்கள்தான். ஃபயூம் பாலைவன மணலில் புதைத்த பிணங்களின் முகத்துக்கு மேல் வைத்துக் கட்டியவை. ஆனால் அந்த மெழுகு இறுகி ஈராயிரம் ஆண்டாகிறதே! அதற்கு ஏது வாசனை?

"மேல யாராச்சும் மெழுகுவத்தி ஏத்தியிருப்பாங்க டாக்டரம்மா, நீங்க டைரக்டர் ஆகணும்னு வேண்டிக்கிட்டு," என்றார் கிடங்குக் காவலர் ஷஹாத்தா. நரைத்த மீசை, என்றோ அடிபட்டு இரண்டாகப் பிளந்த இடது புருவம். அது ஏறினால் கேலி பண்ணுகிறார் என்று அர்த்தம்.

ராவியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கால் மணி நேரத்தில் ஒப்படைப்புக் குழு வந்துவிடும். இந்த அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் யார் பேரில் இருக்கிறதோ அவர் தலையில்தான் அதன் பொறுப்பு. எண்ணி ஒப்படைத்தால் பதவி, ஒன்று குறைந்தால் சிறை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், பொறுப்பேற்ற அன்று, பாழாய்ப்போன அவசரத்தில், கடைசி இழுப்பறையைத் திறந்து பாராமலே 'நாற்பத்தொன்றும் சரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். மறுநாள் திறந்தால் வெறும் துணி. யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கியதில்லை.

எண்ணிப் பார்த்தாள். நாற்பது. மறுபடி எண்ணினாள். நாற்பதுதான். தலையில் கை வைத்துக்கொண்டு வாசலருகே வந்து நின்றபோது, கிடங்கின் இருண்ட கோடியில், யாரும் தொடாமல், மரத்தோடு மரம் உரச, ஓர் இழுப்பறை மெல்ல மெல்ல வெளியே நகரும் சத்தம் கேட்டது.

"ஷஹாத்தாண்ணே... அந்தக் கடைசி இழுப்பறையைக் கொஞ்சம் பாருங்களேன்."

தான் போகப் பயந்துதான் அவரை அனுப்பினாள். அது அவளுக்கே தெரிந்தது. அவருடைய செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு போயிற்று.

"அட, துணி சுடுதே டாக்டரம்மா!" பிறகு, வேறு குரலில்: "விளக்கைக் கொண்டாங்க. சீக்கிரம். என் கையை..."

கைவிளக்கு அவளிடம்தான் இருந்தது. பத்தடி தூரம். மாடிப்படியில் குழுவின் காலடி. ஓடியிருக்கலாம். கால் நகரவில்லை. அவள் நகர்த்தவில்லை.

இழுப்பறை மூடிக்கொண்டது. அவ்வளவுதான். செருப்புச் சத்தம் இல்லை. உள்ளே வேறு கதவும் இல்லை.

"என்ன டாக்டரம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" குழுத் தலைவர் மக்ரம் இரண்டு உதவியாளர்களோடு உள்ளே வந்தார். "எங்க நம்ம ஷஹாத்தா?"

"டீ வாங்கப் போயிருக்கார்."

"அப்ப சாயங்காலம்தான் வருவார். நாம ஆரம்பிப்போம்."

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. ராவியா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடைசி இழுப்பறை திறந்தது.

"நாப்பத்தொண்ணு!" மக்ரம் வாயைப் பிளந்தார். "அடேயப்பா! இதை ஏம்மா இத்தனை வருஷம் பூட்டி வச்சீங்க? உயிரோட பாக்குற மாதிரியே இருக்கே!"

ரோமானியக் காலத்து வெள்ளை அங்கி. நரைத்த மீசை. பிளந்த புருவம்.

ஷஹாத்தா.

மெழுகு இன்னும் காயவில்லை. கண்கள் அவளை மட்டும் பார்த்தன.

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. வாயைத் திறந்தாள். சிறை. பதவி. இருபத்திரண்டு வருஷம்.

"கணக்கு சரிதானே, டாக்டரம்மா?"

"சரி."

கையெழுத்துப் போட்டாள்.

"அதைக் கையில எடுத்துப் பிடிங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்," என்றார் மக்ரம்.

எடுத்தாள். பலகை உடம்புச் சூட்டில் இருந்தது. அதன் பின்பக்கம், அவள் உள்ளங்கையில், ஏதோ வேகவேகமாக அடித்துக்கொண்டது.

"கொஞ்சம் சிரிங்க, டைரக்டரம்மா!"

சிரித்தாள். அவள் கைகளுக்கு நடுவே, ஒட்டிக் கிடந்த மெழுகு உதடுகள் நூல் நூலாக இழுபட்டுப் பிரிந்துகொண்டிருந்தன.