வெளிச்சம் தேடிய தண்டு

வாஷ்பேசின் ஓட்டைக்குள் ஒரு செடி முளைத்திருந்தது.

தையல்காரன் குனிந்து பார்த்தான். சட்டைப் பொத்தான் அளவில், ரோஜாப் பூப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தடித்த இலைகள். மனைவி ஜன்னலோரப் பூச்சட்டிகளில் வளர்த்த சக்குலென்ட் செடிகளின் அதே வார்ப்பு. ஆனால் அவை சாம்பல் பூத்த பச்சை; இது எலும்பைப் போல வெளுத்திருந்தது. ஓட்டையிலிருந்து ஈரமண் வாசனையும், அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் மெல்ல ஏறி வந்தன. அந்த இரண்டாவது வாசனை அவனுக்குப் புதிதல்ல. குழாயைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கொல்லையில், வெகுகாலமாகப் புழங்காத நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் அவள் இருந்தாள். வாய்ச்சண்டையில் அவன் தள்ளியபோது அவள் தலை படிக்கல்லில் மோதியது. மூச்சு இருக்கிறதா என்றுகூடச் சரியாகப் பார்க்காமல் உள்ளே இறக்கி, மூடியின் மேல் சிமெண்ட் பூசினான். பூசிய கையோடு கடையைத் திறந்து, அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், பூச்சட்டி விற்க வருகிறவனோடு அவள் ஓடிவிட்டதாகச் சொன்னான். கொன்ற குற்றத்தைவிட இந்தப் பழி பெரியது. பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, அவ செடியெல்லாம் வாடாம இருக்கு. தண்ணி ஊத்துறீங்களா?"

"இல்லக்கா."

"அதான் பொழச்சிருக்கு. நீங்க கவனிக்காத வரைக்கும் எதுவும் நல்லாத்தான் இருக்கும்." சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆனா ஏன் எல்லாம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டுது? வெயில் இந்தப் பக்கந்தானே வருது."

அவன் திரும்பிப் பார்த்தான். எல்லாச் செடிகளும் கழுத்தை வளைத்துக் கொல்லைப்புறம் பார்த்திருந்தன.

அன்றே பிளேடால் ஓட்டையிலிருந்த தலையைச் சீவி எறிந்தான். மறுநாள் வெட்டிய இடத்தில் நான்கைந்து தலைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவளும் இப்படித்தான் செடியின் தலையை வெட்டி, ஒன்றைப் பலவாக்குவாள். அவன் கொதிக்கும் நீரை ஊற்றினான். ஆவி அடங்கியதும் அவை இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தன.

மாமனார் போன் செய்தார். "சாயங்காலம் எங்க ஆளுங்களோட வர்றேன். கடையில சொன்னதை எங்க முன்னால சொல்லு."

"வாங்க மாமா, சொல்றேன்."

"மாமான்னு கூப்பிடாத."

மாலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மின்சாரம் போனது. அவர்கள் வந்து கைகழுவப் போனால் இதைப் பார்ப்பார்களே என்று அவன் செடியைப் பிடித்து இழுத்தான். வேர் வரவில்லை; தண்டு வந்தது. நூலைப்போல் மெலிந்து, வெளுத்து, வழவழவென்று, முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. இருட்டில் வளரும் செடி வெளிச்சத்தைத் தேடி இப்படித்தான் நீளும். எத்தனை நீளம் என்று அவன் மனம் தானாகவே அளந்தது. வாஷ்பேசினிலிருந்து கொல்லைக் கதவு. கதவிலிருந்து தொட்டி.

அப்போது மறுமுனை இழுத்தது.

மெல்ல. நூலின் இழுவையைச் சரிபார்ப்பது போல.

இரண்டு கைகளாலும் தண்டைப் பிடித்திருந்தவன், தையல் மிஷினில் ஆயுள் முழுக்கச் செய்ததையே செய்தான். குனிந்து பல்லால் கடித்து அறுத்தான். புளிப்புச் சாறு நாக்கில் பரவியது. அதனுடன் ஒரு குளிர்ந்த இலை. துப்புவதற்குள் தொண்டைக்குள் வழுக்கிப் போயிற்று.

கதவு தட்டப்பட்டது.

மாமனார் முதுகு வளையாமல் நின்றார். கையில் டார்ச். பின்னால் நான்கு பேர், நனைந்த குடைகளோடு.

"உக்காருங்க."

"இந்த வீட்டுல உக்கார நான் வரல. எங்க வீட்டுல பொறந்தவ எவன் பின்னாலயும் போறவ இல்ல. போனான்னு சொன்ன வாய் இதுதானே. எம் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அவன் பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தான். பலமுறை சொல்லிப் பழகிய பொய்.

"உங்க பொண்ணு..."

தொண்டையில் ஏதோ விரிந்தது.

இருமினான். வரவில்லை. விழுங்கினான். போகவில்லை. நாக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டது. தாடை தானாக இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. காதோரம் எலும்பு நெரியும் ஓசை. கை உயர மறுத்தது. மூச்சில் ஈரமண்.

அவன் வாயிலிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பா. நான் எங்கயும் போகல. கொல்லையிலதான் இருக்கேன்."

குடை ஒன்று தரையில் விழுந்தது. யாரோ பின்வாங்கினார்கள். பெரியவர் நகரவில்லை. டார்ச்சை ஏற்றி அவன் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

வெளுத்த இலைகள் பல்வரிசையைத் தாண்டி, அடுக்கடுக்காக, அவசரமில்லாமல், அந்த வெளிச்சத்தை நோக்கி விரிந்தன. அவற்றுக்கு மேலே தையல்காரனின் கண்கள் இமைத்துக்கொண்டிருந்தன.

பெரியவர் கையைத் தாழ்த்தவில்லை.