பானுவின் பாய்க்கடியில்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதில் ஆமத்தூர் வீடு முழுவதும் சில்லிட்டிருந்தது. சுவர் ஓதம் வாங்கி, அரிசிப் பானையின் அடி வரை ஈர வாடை ஏறியிருந்தது. பானுப்பிரியா பாய் விரித்துப் படுக்கும் இடம் மட்டும் கதகதவென்றிருந்தது.

பாண்டிச்செல்வி புறங்கையை வைத்துப் பார்த்தாள். பட்டாசுக் கம்பெனியில் குவித்த மருந்தை அப்படித்தான் பார்ப்பார்கள். ஈரம் பட்ட மருந்து தானாகவே உள்ளுக்குள் சூடேறும். சூடு தெரிந்தால் கிளறக் கூடாது, கத்தக் கூடாது. மெல்ல எழுந்து வெளியே நடந்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் அதைச் சொல்லிக்கொடுப்பாள். மகள் பானுவுக்கும் சொல்லியிருந்தாள்.

விருதுநகரில் இயற்பியல் படித்த மகள். தீபாவளி சீசனுக்கு மட்டும் வேலைக்கு வந்தவள், மருந்து செலுத்துகிற அறை வெடித்தபோது அதோடு போய்விட்டாள். துணியில் சுற்றிக் கொடுத்ததில் வலது கை இல்லை. அது இல்லாமலேயே புதைத்தார்கள்.

பாயருகே இருந்த தண்ணீர்ச் சொம்பில் வளையங்கள் எழுந்தன. ரோட்டில் லாரி எதுவும் போகவில்லை. காதுக்கு ஒன்றும் வரவில்லை. பல் வேர்களில் மட்டும் ஏதோ அதிர்ந்தது.

புரட்டாசியில் பானு கூழ் கிண்டிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது.

"எம்மா, பேப்பர்ல போட்டிருக்கான். ஆயிரம் நட்சத்திர மண்டலம் கூட்டமா கெடக்கு. நடுவுல பெரிய கருந்துளை. அம்புட்டையும் முழுங்கிரும்னு நெனப்பாக. ஆனா முழுங்குறப்பவே கொஞ்சத்த எத்தித் தள்ளும். அந்தத் தள்ளுல சுத்தியிருக்க சூட்டு வாயு ஆறவே ஆறாது. இந்தக் கூழு மாதிரி கலங்கிக்கிட்டே கெடக்கும். அந்த அலைதான் சத்தம்."

"நமக்குக் கேக்குமாடி?"

"கேக்காது. ஒருக்க அதிர்ந்து அடங்க ஒரு கோடி வருசமாகும்."

"அதுக்கு ஒங்கப்பா கொறட்டையே தேவல."

பானு சிரித்த சிரிப்பில் அகப்பை கைநழுவிக் கூழுக்குள் விழுந்தது.

இப்போது அந்த அப்பா, உக்கிரபாண்டி, நிலைப்படியைத் தாண்டாமல் நின்றான். அவனும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவன்தான்.

"செல்வி, கைய எடு. மெல்ல எந்திரிச்சு வா."

"வந்தா ஆறிப்போகுமே."

"ஆறட்டும்த்தா."

"ஆறுனா அப்புறம் அவ இல்லைங்க."



சொம்பின் வளையங்கள் இப்போது விளிம்பிலிருந்து நடுவுக்குப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் தண்ணீர் இல்லை. கறுப்பு. கந்தக நெடி. அதற்குள்ளே தேங்காயெண்ணெய் வாசனை. பானுவின் தலை வாசனை.

பாயை விலக்கினாள். சிமெண்ட் தரை மாவாக நெகிழ்ந்து கிடந்தது. அதில், மருந்தோடு கலக்கும் வெள்ளிப்பொடி மினுங்கியது.

"கிளறாத!" உக்கிரபாண்டி கத்தினான்.

கிளறினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முழங்கை வரை சூடு.

விரல்கள்.

அவள் விரல்களுக்கிடையே புகுந்து கோத்துக்கொண்டன. மற்றொரு கையால் தடவிப் பார்த்தாள். மணிக்கட்டு இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவள் கிளறுவதை நிறுத்தினாள்.

அந்தக் கை நிறுத்தவில்லை.