குதிக்காத நாடி

செல்போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் தாவி எடுத்தாள்.

"மேடம், அந்த மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி... ஏணியிலேர்ந்து விழுந்து சாகல!" பிரேதப் பரிசோதனை டாக்டரின் குரல். "பின்மண்டையில இரும்பால ஓங்கிப் போட்டிருக்காங்க. இது கொலை!"

"இதைச் சொல்ல இத்தனை நாளா?"

"நானும் காய்ச்சல்ல படுத்துட்டேன் மேடம்..."

ஊரே படுத்துக் கிடந்தது. அந்தப் பாழாய்ப்போன வைரஸ் காய்ச்சல் நெஞ்சில் சளியைக் கட்டி, ஆளையே உலுக்கிப் போட்டுவிட்டுத்தான் போனது. இன்ஸ்பெக்டரையும் விடவில்லை. இந்த வாரம்தான் டூட்டிக்குத் திரும்பியிருந்தாள்.

ஜீப் முதலாளியின் வீட்டு வாசலில் நின்றது.

மாடி ஹாலுக்குப் படியேறுவதற்குள் அவள் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. போலீஸ்காரிக்கு இதயக் கோளாறு என்று தெரிந்தால் நாளைக்கே மேஜை வேலைக்குத் தள்ளிவிடுவார்களே!

ஹாலில் ஏட்டு தன் வேலையைத் தொடங்கியிருந்தார்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஆளை எழுப்பி நிற்க வைப்பார். மணிக்கட்டைப் பிடிப்பார். கேள்வி கேட்பார். பொய் சொன்னால் நாடி குதிக்கும் என்பார். ஸ்டேஷனே அதை நம்பியது. இன்ஸ்பெக்டரும்தான்.

இப்போது அவர் பிடியில் இருந்தது முதலாளியின் மருமகள்.

"மாமனாரை முதல்ல பார்த்தது யாரும்மா?"

"நான்தான் சார்... காய்ச்சலால கடையை மூடியிருந்தோம். மாமா மட்டும் ஸ்டாக் பார்க்கப் போனாரு. போன் எடுக்கல. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தாரு. எனக்கும் காய்ச்சல்தான். முடியாமத்தான் போனேன். ஸ்டோர் ரூம்ல... ஏணிக்குக் கீழ..."

"அங்க வேற யாரு?"

"யாருமில்ல."

ஏட்டின் கண்கள் விரிந்தன.

"மேடம்! குதிக்குது!"

"வேற எதாவது கேளுங்க."

"என்னம்மா படிச்சிருக்க?"

"ப்ளஸ் டூ."

"அதுக்கும் குதிக்குது மேடம்! படிப்புலயும் பொய்!"

முதலாளியின் மகன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் ஏறிவிட்டிருந்தது.

"நீயா...? எங்கப்பாவை... நீயா?"

"ஐயோ! என்னங்க பேசறீங்க? சார், எம் பொண்ணு இன்னும் தாய்ப்பால்தான் குடிக்குது. என்னைக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா அவ என்ன பண்ணுவா?"

உள் அறையிலிருந்து குழந்தை வீறிட்டது.

"கைது பண்ணிடலாமா மேடம்?"

இன்ஸ்பெக்டர் சோபாவிலிருந்து விருட்டென்று எழுந்தாள்.

அவ்வளவுதான்!

நெஞ்சு தறிகெட்டு ஓடியது. கண் இருட்டியது. சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். 'செத்தோம்' என்று நினைத்துக்கொண்டே பால்கனிக்குப் போய் தன் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டர். "இந்தக் காய்ச்சல் விட்டப்புறமும் நிறைய பேருக்குச் சில வாரம் இதயம் இப்படித்தான் ஓடும். எந்திரிச்சு நின்னாலே போதும், எகிறும்."

"எந்திரிச்சு நின்னாலேவா?"

"ஆமா. நிறைய தண்ணி குடிங்க, மெதுவா எந்திரிங்க. மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தா உடனே ஓடி வாங்க."

"ஓடியா டாக்டர்?"

"ஐயையோ... வண்டியில வாங்க!"

எந்திரிச்சு நின்னாலே போதும்...

இன்ஸ்பெக்டர் ஹாலுக்குத் திரும்பினாள். கையை நீட்டினாள்.

"ஏட்டையா, என் நாடியைப் பிடிங்க."

ஏட்டு தயங்கிப் பிடித்தார். முகம் வெளுத்தது.

"மேடம்... உங்களுக்கும் குதிக்குது!"

"அப்ப நானும் கொலைகாரியா? இப்ப மகனைப் பிடிங்க."

"ஐயோ! இவருக்கும்!"

"குதிக்காத ஆள் யாராவது இருக்காங்களா?"

"இருக்காரு மேடம். இவரு!" ஏட்டு பெருமையாகக் கை காட்டினார். "வந்ததும் முதல்ல இவரைத்தான் பிடிச்சேன். கடிகாரம் மாதிரி அடிக்குது. தங்கமான மனுஷன்!"

மூலையில் உட்கார்ந்திருந்த மைத்துனர் அடக்கமாகச் சிரித்தார். முதலாளியின் வீட்டோடு தங்கிக் கடையைப் பார்த்துக்கொள்பவர்.

"இவருக்குக் காய்ச்சல் வரலையா?"

"இவருக்குத்தான் எல்லாரையும்விட மோசம்," என்றாள் மருமகள். "நாள் கணக்கா மாடி ரூமைப் பூட்டிக்கிட்டுக் கிடந்தாரு. நான் சாப்பாட்டை வாசல்ல வெச்சுட்டு வந்துடுவேன்."

"நீங்க யாராவது உள்ள போனீங்களா?"

"ஒட்டிக்கும், வராதீங்கன்னு கத்துவாரு..."

இன்ஸ்பெக்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் காய்ச்சல் வந்த எல்லாருக்குமா இதயம் ஓடுகிறது? நாடி நிதானமாக இருப்பதை வைத்து ஒருவனைத் தூக்கி உள்ளே போட முடியாதே!

சட்டென்று ஒரு பொய்யைத் தயார் செய்தாள்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க. ஏட்டையா, இவரை மறுபடி பிடிங்க... உங்களுக்கு நிஜமாவே காய்ச்சல் வந்துச்சா?"

"என்ன கேள்வி மேடம் இது? இருமி இருமி உயிரே போச்சு!"

"நல்லது. டாக்டர் ஊசியோட வந்துக்கிட்டிருக்காரு. ரத்தத்தைப் பார்த்தா இந்த வைரஸ் உங்க உடம்புக்குள்ள எப்பவாவது வந்துச்சா, இல்லையான்னு சொல்லிடுவாரு."



ஏட்டின் முகம் மாறியது.

"மேடம்... மேடம்! இப்ப குதிக்குது!"

மைத்துனர் கையை உதறினார். படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தார். மகன் குறுக்கே விழுந்து காலைக் கட்டிக்கொண்டான். இருவரும் உருண்டார்கள்.

"எதுக்கு மாமா? எங்கப்பா உங்களை என்ன பண்ணினாரு?"

"கடையை விட்டுப் போடான்னுட்டாருடா!" மைத்துனருக்கு மூச்சிரைத்தது. "போலி லென்ஸை ஒரிஜினல்னு வித்ததைக் கண்டுபிடிச்சுட்டாரு. இத்தனை வருஷம் அந்தக் கடைக்கு மாடா உழைச்சவனை நாயைத் துரத்தற மாதிரி... ரூமைப் பூட்டிட்டு, பின்பக்கப் படியில இறங்கிப் போய்..."

ஏட்டு விலங்கை மாட்டினார்.

மகன் எழுந்து மனைவியின் அருகில் வந்தான். "மன்னிச்சுடு... நான் ஏதோ..."

"கிட்ட வராதீங்க! அந்த ஏட்டு என் கையைப் பிடிச்சு ஏதோ சொன்னாரு, உடனே என்னைக் கொலைகாரின்னு நம்பிட்டீங்கல்ல?"

அவள் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். 

கீழே, ஜீப்பில் ஏறிய ஏட்டுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்... நாடி குதிக்கலன்னு இத்தனை வருஷமா நான் வீட்டுக்கு அனுப்பி வெச்சேனே... அந்த ஆளுங்க எல்லாம்?"

இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தாள்.

"கவலைப்படாதீங்க ஏட்டையா... எல்லாரும் நல்ல ஆரோக்கியமா இருப்பாங்க!"