எழுப்புச் சல்லடை

ஆடிக்காற்று எழும்பியதும் பாளையங்கோட்டை கண்விழிக்கத் தொடங்கியது. தெருவுக்குத் தெரு துயிற்பேழைகள் திறந்தன. பங்குனியில் பாதியில் விட்ட கொட்டாவியை முடித்தபடி மனிதர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கத்திரி வெயில் மாதக்கணக்கில் விடாமல் கொளுத்தும் ஊரில், அந்தக் காலம் முழுக்க விளக்கைப்போல உடம்பை அணைத்து வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. தண்ணீரும் மிச்சம், மின்சாரமும் மிச்சம்.

ஆவுடையம்மாள் விழித்தபோது அவளுடைய அண்ணன் குற்றாலிங்கம் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி ஆவுடை, முழிச்சிட்டியா? பதறாத. நெஞ்சு லேசா அடைக்க மாதிரி இருக்கு. மெதுவா எந்திரிச்சு வா, போதும்."

"இந்தா வாறேண்ணே" என்று அவள் பேழையை விட்டு இறங்கினாள்.

அண்ணனின் இதயம் துயிலைத் தாங்காது. அதனால் அவர் ஆண்டுதோறும் நிலவறையில் விழித்தே இருப்பார். தெருவுக்குச் சிலர் இப்படி விழிப்பர்களாக இருந்து மற்றவர்களின் பேழைகளைப் பார்த்துக்கொள்வார்கள்.

"கால் மரத்துப் போயிருக்கும். செவத்தப் புடிச்சு எறங்கு" என்றது குரல்.

"புடிச்சுக்கிட்டுதான் எறங்குதேன். நீங்க படுங்க, பேசாதீங்க."

நிலவறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே தெருவின் இன்னொரு விழிப்பரான பீர்மா கூட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனின் கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணன் எங்கக்கா?"

பீர்மா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "என்னத்தம்மா சொல்ல? அவுக வைகாசியிலயே போயிட்டாகளே."

"இப்பம் எங்கிட்டப் பேசிக்கிட்டிருக்காங்க!"

"நாந்தான் கேட்டேன், தங்கச்சிய எழுப்பட்டுமான்னு. நானே சொல்லிக்கிடுதேன்னுட்டாக. சொல்லவும் செஞ்சாக. அப்புறம் நீ வருவ வருவன்னு வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தாக. போன பொறவு ஒன்ன எழுப்பி என்னத்துக்குன்னு விட்டுட்டோம்."

ஆவுடையின் காதுக்குள் குரல் நிற்கவில்லை. "வர முடியலன்னா நாளைக்கு வா. ஒண்ணும் அவசரமில்ல."

அவள் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நடந்தது என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கான நிரலை எழுதியவளே அவள்தான்.

காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், ஓர் அரிசி அளவில் எல்லோருக்கும் உள்செவி உண்டு. கம்பியில்லாமல் ஊரோடு பேசும் கருவி. உடம்பை அணைக்கும்போது அதை எப்படி உறங்க வைப்பது, உடம்பு திரும்பும்போது அதை எப்படி விட்ட இடத்திலேயே தொடர வைப்பது என்று சொல்லித்தரும் இயக்குநிரல் ஆவுடையுடையது. உடம்பு முழுக்க அணைந்தாலும் உள்செவி மட்டும் அரைக்கண் திறந்திருக்கும். வரும் அழைப்புகளில் எது ஆளை எழுப்ப வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று பிரிப்பது அதிலிருக்கும் எழுப்புச் சல்லடை.

முதலில் எல்லா அழைப்பும் எழுப்பின. குக்கர் வெயிட்டைக் காணோம் என்று சம்பந்தி வீட்டார் ஆளை எழுப்பினார்கள். பிறகு 'அவசரம்' என்று தொடங்கினால் மட்டும் எழுப்பலாம் என்று ஆனது. அடுத்த கத்திரியில் நம்மவர்கள் பூப்பு நீராட்டு விழாவுக்கே அவசரம் என்று அழைத்தார்கள். ஊரே அலுத்துப்போனது. அப்போதுதான் ஆவுடை குரலின் பதற்றத்தை அளக்கும் சல்லடையைச் செய்தாள். கத்துகிறவன், திக்குகிறவன், அழுகிறவன் எழுப்பலாம். பதறாதே, மெதுவாக வா என்று பேசுகிறவரின் சொல் காத்திருக்கும். விழிப்பவர்கள் பழைய செய்திக் குவியலைக் கண்டு மிரளக்கூடாது என்று, காத்திருந்த சொற்களை அப்போதுதான் பேசியதுபோல ஒலிக்கவும் வைத்தாள். தூங்கியதே தெரியவில்லை என்று ஊர் மெச்சியது.

சாவுச் செய்தியைக்கூடக் கொஞ்சம் உடம்புக்கு முடியவில்லை என்றுதான் நம் ஊரில் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். கணக்குப் போடும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பாவி, அதை மட்டும் எப்படி மறந்தேன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து அலுவலகம் போனவள் சல்லடையைத் திருப்பிப் போட்டாள். இனி பதறாதே என்று யாராவது சொன்னால் உறங்குகிறவர் உடனே எழுப்பப்படுவார்.

உடன் வேலை செய்யும் ஜெபராஜ் தயங்கினான். "அக்கா, பாதித் துயில்ல எழுப்புனா ஒரு வாரம் தலசுத்தல் இருக்கும். அப்படிச் சொல்லுதவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு நெசமாவே ஒண்ணும் இருக்காது."

"மிச்சக் கால்வாசிக்காகத்தாம்ல எழுதுதேன்."

புதிய நிரல் எல்லோர் காதுக்கும் போனது. சாந்தமாகப் பேசினால் ஆள் எழுந்துவிடுவார் என்று பேழை விற்கும் கடைவரை பேச்சானது.

மறு ஆண்டு ஆடியில் தூத்துக்குடியிலிருந்து கொம்பையா என்றொருவர் அலுவலகத்துக்கு வந்தார். கத்திரியில் விழிப்பராக இருந்த அவருடைய தாயார் இறந்துபோயிருந்தார்.

"எங்கம்மா ஒரு சொல்லாச்சும் பேசியிருப்பாங்கம்மா. காதுல விழவே இல்ல. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஆவுடை அவருடைய உள்செவியைத் துழாவிப் பார்த்தாள். அம்மாவிடமிருந்து அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை.

"கூட இருந்தவங்க என்ன சொல்லுதாங்க?"

"கூப்பிட்டுத் தாறோம்னு சொல்லியிருக்காங்க. வேண்டவே வேண்டாம்னுட்டாங்களாம். 'எம்பேச்சக் கேட்டா புள்ள முழிச்சிருவான், அவனுக்குத் தலசுத்தும்'னு சொன்னாங்களாம்."

ஆவுடைக்கு அண்ணனின் குரலாவது கிடைத்தது. வேண்டும்போதெல்லாம் போட்டுக் கேட்கிறாள்.

கொம்பையா எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பி நின்றார்.

"ஒண்ணு கேக்கணும். பழைய மாதிரியே இருந்திருந்தா, அம்மா பேசியிருப்பாங்கல்ல?"

"ஆமா" என்றாள் ஆவுடை. "பேசியிருப்பாங்க."