மருமகன் முகம்

விடிந்து வெகுநேரமாகியும் வேலியைச் சுற்றி எரிந்த மின்விளக்குகளை யாரும் அணைக்கவில்லை. ஹோமினி ஊரில் ஓசேஜ் செவ்விந்தியர் வீடுகள் எல்லாவற்றிலும் அந்த வருடம் பயத்தில் அப்படித்தான். சாவு அதிகம், காரணம் சொல்பவர் இல்லை.

அடுப்படியில் யூலாலி ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டதும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"என்ன அத்தே, இன்னைக்கும் சுவரோடதான் பேச்சா?" மருமகன் வெர்னன் சிரித்தான். "மூணு வருஷமாச்சு. என் மூஞ்சி அவ்வளவு மோசமா?"

மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசாதிருப்பதுதான் அவர்கள் சனத்தில் மரியாதை. வெள்ளைக்காரனான அவனுக்கு அது கேலிப்பொருள்.

மேசையருகே மகள் வீஹே, வெர்னனின் மனைவி. இரண்டாவதாகப் பிறந்த பெண்ணுக்கு அவர்களிடம் அதுதான் பெயர். கன்னம் ஒட்டி, நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தாள். வெர்னன் பழுப்புப் புட்டியிலிருந்து டானிக்கைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினான். மூத்தவள் மினாவுக்கும் அவன்தான் வாங்கி வந்தான். வசந்தத்தில் மினா செத்துப்போனாள். அவர்கள் சனத்தின் நிலத்து எண்ணெய்க் கிணறுகளில் அவளுக்கிருந்த பங்கு வீஹேவுக்கு வந்தது. வீஹேவுக்குப் பின்னால், அவள் புருஷனுக்கு...?

மகளைக் காக்கத்தான் யூலாலி சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, இங்கே வந்து சமைத்துப்போட்டுக் கிடந்தாள்.

ரொட்டியை மேசையில் வைக்கும் சாக்கில் அவள் முழங்கை இடித்தது. கிண்ணம் உருண்டது. மூன்றாவது நாளாக!

"அம்மா! வேணும்னேதானே தட்டி விடுறே?"

"குடிக்காதே கண்ணு... மினாவும் இதைத்தானே குடிச்சா..."

"போதும்! ஆரம்பத்துலேருந்தே உனக்கு அவரைக் கண்டா ஆகலே. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கியா அவர்கிட்ட? நான் வாழறது உனக்குப் பொறுக்கலே. போ... உன் வீட்டுக்கே போ!"

யூலாலி சட்டியை இறக்கி வைத்தாள். இரண்டு பாவாடைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நில்லு." வீஹேயின் குரல் உடைந்தது. "வெறுங்கையோட போகாதே. நம்ம வீட்டுலேருந்து யாரும் அப்படிப் போனதில்லே. எது வேணுமோ கேளு, தர்றேன்."

பட்டு ரிப்பன் தைத்த போர்வைகள் பெட்டி நிறைய இருந்தன. யூலாலி அவற்றைப் பார்க்கவேயில்லை.

"அந்தப் புட்டியைக் குடு. எனக்கும் முட்டி வலிக்குது."

வீஹே புட்டியை எடுத்தாள். வெர்னன் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அது அவங்களுக்கு வேண்டாம்!"

"டானிக்தானே, வெர்னன்?"

"வயசானவங்களுக்கு... ஒத்துக்காது."

யூலாலி போர்வையை முகத்திலிருந்து இறக்கினாள். மூன்று வருடங்களில் முதல்முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அப்ப நீ குடி, மாப்ளே. ஒரு வாய்."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. புட்டியைப் பிடுங்கி மூடியை இறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

வீஹே அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசையைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து, தாயின் தோளில் விழுந்தாள்.

"அம்மா... உன்னைப் போயி... நான்..."

"அழறதுக்கு நேரமில்லே. வா."

ஒரே போர்வைக்குள் மகளையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு யூலாலி படியிறங்கினாள். வேலியில் விளக்குகள் வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தன. அவற்றைத் தாண்டும்போது, வீட்டுக்குள் வெர்னன் யாரையோ அழைக்கத் தொலைபேசியின் கைப்பிடியைச் சுழற்றும் சத்தம் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் இடுப்பை இறுக்கிப் பிடித்து, தன் வீட்டை நோக்கி நடையைக் கூட்டினாள்.