நீல முடிச்சு

கூடையில் பதினாறு பேண்டேஜ் உருளைகள் இருந்தன. ஜெயபாய்க்கு நினைவிருந்தவரை, அவள் சுற்றியது ஒன்பதுதான்.

சலவைக் காரத்தின் வாடை போகாத காஸ் என்ற மெல்லிய கட்டுத்துணியை வீட்டிலேயே சுற்றிக் கொடுக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு நிறம் உண்டு; யார் வேலை என்று கம்பெனியில் தெரிய, அந்த நிற நூலால் முடிச்சுப் போட்டுக் கொடுக்கவேண்டும். ஜெயபாய்க்கு நீலம். கூடுதலாக இருந்த ஏழிலும் நீல முடிச்சு. அதுவும் இடதுகைக்காரியான அவள் போடுகிற முடிச்சு.

நெஞ்சுப் படபடப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்தது பத்து நாளைக்கு, ராத்திரி அரை மாத்திரை. முதல் நாளே நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தச் சீட்டையே ராஜபாளையத்து மருந்துக்கடைகளில் மாற்றி மாற்றி நீட்டி நாலு மாதம் ஓட்டிவிட்டாள். இப்போது மத்தியானமும் ஒன்று. பாவி மனசு நிம்மதியில் ருசி கண்டுவிட்டது. மில்லில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் புரளும் புருஷன் பால்துரையும் சமயத்தில் அவள் மாத்திரை அட்டையில் கை வைப்பான்.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் வாசலில் நின்று கேட்டாள்.

“ஏட்டி, நேத்து மத்தியானம் கூப்பிடக் கூப்பிட என்னையவே பாத்துக்கிட்டு இருந்தியே, ஏன் பேசல? கை மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு. உருளை முடிஞ்ச பொறவும் விடல. உன் முழங்கையிலயே சுத்திக்கிட்டு இருந்த.”

ஜெயபாய்க்கு எதுவுமே நினைவில்லை.

அன்றே மாத்திரையை நிறுத்தினாள். மறுநாள் ஒரு முடிச்சுகூட ஒழுங்காக விழவில்லை. மூன்றாம் நாள் தெரு வீடுகளில் ஓடுகிற விசைத்தறிகளெல்லாம் நெஞ்சுக்குள் ஓட, உடம்பு தெப்பமாய் நனைந்து, செத்துவிடுவோம் என்று பயந்து அழுதாள்.

“ஒண்ணு போட்டுக்க புள்ள. எனக்கும் ரெண்டு தா. நாலு நாளா கண்ணு மூடல,” என்றான் பால்துரை.

“நான் ஏதாச்சும் செஞ்சிருவேனோன்னு பயமா இருக்குங்க.”

“என்ன செய்வ? பேண்டேஜ்தான சுத்துவ?” சிரித்துக்கொண்டே பாயில் சாய்ந்தான். அவனுக்கு ரெண்டைக் கொடுத்துவிட்டு அவளும் ஒன்றை விழுங்கினாள்.

அவள் விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. விரல்களில் நூல் அறுத்த எரிச்சல். கரண்ட் இல்லை. தறிச் சத்தம் இல்லை. பால்துரையின் குறட்டையும் இல்லை.

கூடை காலி. துணிக்கட்டும் காலி.

பாயைப் பார்த்தாள்.

வெள்ளை. தலையிலிருந்து கால்வரை. சுருக்கமே இல்லாமல், இழுத்து, வரிசை வரிசையாக. மூக்கு இருந்த இடம் மட்டும் மேடு. வாய்க்கு நேரே கொஞ்சம் ஈரம். அதுவும் காய்ந்துகொண்டிருந்தது.

கழுத்தில் நீல முடிச்சு.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மடியில் அவள் விரல்கள் மட்டும், நிதானமாக, இன்னொரு நீல நூலை உருவி எடுத்துக்கொண்டிருந்தன.