போன வருசத்து மெழுகுதிரி

அஞ்சலீனா வாய் திறந்து கதைத்து மூன்று நாளாகியிருந்தது. அப்படியிருக்க, வேலை முடிந்து வந்த றெனோல்ட் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மனைவியைக் கடிந்துகொண்டான்.

"டொக்டர் கதைக்கவே வேண்டாமெண்டு சொல்ல, நீர் இருந்து பாடுறீர் என்ன?"

அவள் கொப்பியில் எழுதிக் காட்டினாள்: நான் பாடேல்லை.

"படியேறி வரேக்க கேட்டதப்பா. வடிவாத்தான் இருந்தது. ஆனா இப்ப வேண்டாம்."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. டோர்வல் விமான நிலையத்தில் கழிவறை கழுவும் மருந்து நெடி மூச்சோடு இறங்கி இறங்கி, கழுத்து நரம்பெல்லாம் இழுத்துப் பிடித்து, எச்சில் விழுங்கினாலும் உள்ளே கல் உருண்டது. ஒரு கிழமை முணுமுணுக்கவும் கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆண்டவர் பட்ட பாட்டை ஒப்பாரியாய் இழுத்துப் பாடும் பசாமுக்கு அவளை விட்டால் ஆளில்லை. அவளுக்கும் அதை விட்டால் இந்தப் பனி ஊரில் தன்னுடையதென்று ஒன்றுமில்லை.

மாசி மூன்றாம் திகதி, பிளாசியார் திருநாளில், இரண்டு மெழுகுதிரியைச் சிலுவையாகக் கழுத்தில் வைத்து பங்குச் சுவாமி எல்லாருடைய தொண்டையையும் மந்திரிப்பார். இந்த வருசம் அது ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு வேலை. ஓடிப்போனபோது கோயிலைப் பூட்டிக்கொண்டிருந்த கிறிஸ்தோப்பர் அண்ணை, அலுமாரியில் கிடந்த சிவப்பு நாடா கட்டிய சோடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"போன வருசத்துத் திரி பிள்ளை. மந்திரிச்சதுதானே, வீட்டை கொண்டுபோய் நீரே வையும். ஆபத்துக்குப் பாவமில்லை."

வைத்தாள். கல் உருளுவது அன்றே நின்றது. அந்தத் திரி கடைசியாக யாருடைய கழுத்தில் இருந்ததென்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

இப்போது யோசித்தாள். போன வருசம் மந்திரிக்கிற வரிசையின் கடைசியில் நின்றவள் மாக்கிரட் அக்கா. பன்னிரண்டு வருசம் பசாம் பாடியவள். "இந்தப் பெரிய வெள்ளி மட்டும் பாடிப்போட்டு விடுறன் பிள்ளை" என்று கரகரத்த குரலில் அவள் கெஞ்சியபோது, "உங்கட குரல் சனத்துக்குக் கேளாது அக்கா" என்று சொல்லிவிட்டு அஞ்சலீனாவே போய்ப் பாடினாள். ஐப்பசியில் தொண்டைப் புற்றுநோய் அக்காவைக் கொண்டுபோய்விட்டது. அன்று தான் சொன்னதை நினைக்க இப்போதும் அஞ்சலீனாவுக்கு வெட்கமாயிருந்தது.

ஐந்தரை மணிக்கே ஜன்னலில் இருட்டு ஏறிவிட்டது. சுவரோரம் வெப்பக்குழாய் டிக் டிக்கென்று சுட, ஆறிய கொத்தமல்லித் தண்ணீரின் வாசத்தின் மேல் அணைத்த திரியின் புகை வாசம் மெல்லப் படிந்தது. வீட்டில் ஒரு திரியும் எரியவில்லை. அவள் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

பசாமின் முதல் வரி.

மெதுவாக. மிகக் கிட்ட.

வானொலி இல்லை. பக்கத்து வீடும் இல்லை. கழுத்தில் கையை வைத்தாள். விரலுக்கடியில் அதிர்ந்தது.

இரண்டாம் வரியின் முடிவில் ஒரு சின்னச் செருமல். பன்னிரண்டு வருசமாகச் சனம் கேட்ட செருமல்.

குசினியிலிருந்து றெனோல்ட் குரல் கொடுத்தான். "இதென்ன, மாக்கிரட் அக்காவின்ர கசெற்றே? சத்தத்தைக் கூட்டி வையும், நல்லாக் கேக்கட்டும்."

குளியலறைக்கு ஓடினாள். லைட்டைப் போட்டாள். கண்ணாடி.

வாய் மூடித்தான் இருந்தது. இரண்டு கையாலும் பொத்தினாள். கழுத்தில் திரி வைத்த இடத்தில் சிவப்பாய் ஒரு சிலுவைத் தழும்பு. அதற்குக் கீழே தொண்டை ஏறியது. இறங்கியது. குரல் உரத்தது. கோயில் முழுக்கக் கேட்கும் அளவுக்கு உரத்தது.

மூன்றாம் வரி முடிந்தது. அடுத்த வரிக்காக அது ஆழமாய் மூச்சை இழுத்தது.

அஞ்சலீனாவுக்கு மூச்சு வரவில்லை.